தனகோட்டி திருப்பிக் கொடுத்த பாராட்டு

வடக்குத்து ஊர்க்காரரான தனகோட்டி தன்னுடைய பணி ஓய்வு விழாவில் தனக்குக் கொடுத்த பாராட்டு மடலை, அதில் ஒரு கமா தப்பாக இருந்தது என்பதற்காக மேடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று நெய்வேலியில் ஒரு பேச்சு நடமாடுகிறது.

பேச்சு ஊருக்கு ஊர் வளர்ந்திருக்கிறது. டவுன்ஷிப்புக்குள் கேட்டால் திருப்பிக் கொடுத்தார் என்பதோடு நிற்கிறது. வடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மடலின் ஃப்ரேம் கண்ணாடி உடைந்துவிடுகிறது. காடாம்புலியூரில் பலாப்பழம் வாங்கப் போன இடத்தில், அந்தக் கமாவுக்காக அவருடைய பென்ஷனையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றார்கள். சொன்னவர் பழத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார். பழம் நன்றாக இருந்தது. ஆகவே செய்தியையும் ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை, விசாரிக்க வேண்டியதாயிற்று.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நெய்வேலியில் ஒருவருடைய பிறந்தநாளை வீட்டுக்காரர்களே மறந்துபோவார்கள். ரிட்டயர்மென்ட் நாளை யாரும் மறக்க முடியாது. மாதக் கடைசியில் மேடை போட்டு, மாலை போட்டு, சால்வை போட்டு, மனைவியையும் மேலே ஏற்றிப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, எல்லோரும் பேசி முடித்த பிறகு பூச்சுற்றிய காரில் மேளத்தோடு கொண்டுபோய் வீட்டில் விடுவார்கள். மாலை மறுநாள் வாடிவிடும். சால்வை அடுத்து ரிட்டயர் ஆகிறவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மிஞ்சுவது பாராட்டு மடல்தான். தங்க நிற ஓரம் வைத்த பெரிய ஃப்ரேம், கண்ணாடி, உள்ளே ஆங்கிலம். ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் வீட்டுக்கு வருகிறவர்கள் படித்துவிடுவார்கள். படித்தால் சம்பந்தப்பட்டவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

தனகோட்டி வீட்டு ஹாலில் டிவிக்கு மேலே ஒரு ஆணி இருக்கிறது. விழாவுக்கு முந்தின வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு, சுவரின் நடு பார்த்து அடிக்கச் சொன்ன ஆணி. அதில் மாட்ட ஒரு பாராட்டு மடல் வேண்டும். விசாரிக்கப் போன சமயத்தில் அவருக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். காலண்டர் மாட்டலாம் என்று மனைவி அம்சவல்லி சொன்னதற்கு, அந்த ஆணியில் காலண்டர் மாட்டினால் தான் வீட்டில் சாப்பிடப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறார். ஆணி காலியாகவே இருந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

தனகோட்டியின் அப்பா பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அண்ணன் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய் முதுகுவலியோடு திரும்பியவர். தனகோட்டி டைப்ரைட்டிங்கில் லோயரும் ஹையரும் பாஸ் செய்துவிட்டு அட்டெண்டராக உள்ளே போனார், கிளார்க்காக உயர்ந்தார், சீனியர் அசிஸ்டென்டாக வெளியே வந்தார். இயந்திரங்களுக்கு உதிரிப் பாகங்கள் எடுத்துக் கொடுக்கிற பிரிவு. மூன்று ஷிஃப்டும் ஓடும். பிரிவின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே இன்னும் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள்.

கமா அவருடைய வாழ்க்கைக்குள் வந்தது, அவருக்கு வாய்த்த முதல் ஆபீசர் மூலமாக. பாலக்காட்டுக்காரர். தனகோட்டி டைப் அடித்துக்கொண்டு போகிற கடிதத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். என்ன தப்பு என்று கேட்டால், 'பாரு' என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. தனகோட்டி இரண்டு வருஷம் பார்த்தார். அந்தத் தைப்பூசத்துக்கு வடலூர் போனவர்கள் எல்லாம் ஜோதி பார்த்துவிட்டு வந்தார்கள். தனகோட்டி ஜோதியும் பார்த்துவிட்டு, தரையில் பரப்பிவைத்திருந்த பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஆங்கில இலக்கணப் புத்தகம் ஒன்றையும் வாங்கிக்கொண்டு வந்தார். வட்டம் போட்ட இடத்தில் எல்லாம் கமா இருக்க வேண்டும், அல்லது இருக்கக் கூடாது என்று அதிலிருந்து தெரிந்தது.

ஆபீசர் மாற்றலாகிப் போய்விட்டார். பென்சில் இங்கேயே தங்கிவிட்டது. கொஞ்ச நாளில் அது சிவப்புப் பேனாவானது.

அதன் பிறகு அந்தப் பிரிவில் லீவ் லெட்டர், மெமோவுக்குப் பதில், குவார்ட்டர்ஸ் மாற்றக் கேட்கும் விண்ணப்பம் என்று எது எழுதினாலும் தனகோட்டியின் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். யாரும் போட்ட விதி அல்ல. அவருடைய மேஜை கதவுக்குப் பக்கத்தில் இருந்தது.

அவருடைய முதல் எதிரி, 'டூ' என்று எழுதிவிட்டு அதன் பக்கத்தில் நம் ஆட்கள் வைக்கிற கமா. விண்ணப்பம் எழுதத் தெரிந்த அத்தனை பேரும் 'ஃப்ரம்' போட்டுக் கமா, 'டூ' போட்டுக் கமா என்றுதான் ஆரம்பிக்கிறோம். பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற பழக்கம். தனகோட்டி அதை மன்னித்ததே இல்லை.

"யாருக்குன்னு சொல்றதுக்கு முன்னாடியே இன்னாயா மூச்சு வாங்குது உனக்கு? 'டூ'ன்னா, இவருக்கு. 'இவருக்கு' எங்க? அது கீழ குந்திகினு இருக்குது. நடுவுல எதுக்கு வேலி?" என்பார்.

இரண்டாவது எதிரி, முழு வாக்கியத்தை முடிக்காமல் கமா வைத்து அடுத்த முழு வாக்கியத்தை ஒட்டுகிறவர்கள். 'எனக்குக் காய்ச்சல், நான் வரவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்தவரை, ஜன்னல் பக்கம் அழைத்துப்போய்த் தூரத்தில் ஓடுகிற கன்வேயர் பெல்ட்டைக் காட்டியிருக்கிறார்.

"அந்த பெல்ட்டு அறுந்துபோச்சுன்னா ரெண்டு முனையும் வச்சு குண்டூசி குத்துவாங்களா? சூடு வச்சு ஒட்டுவாங்க இல்ல? கமா குண்டூசி. ரெண்டு வாக்கியத்த இழுக்காது. 'அண்டு' போடு, 'பிகாஸ்' போடு. இல்ல, புள்ளி வச்சு நிறுத்து."

காய்ச்சல்காரர் புள்ளி வைத்து நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நடுவில் சொருகுகிற விவரத்துக்கு இரண்டு பக்கமும் கமா வைக்க வேண்டும் என்பது அவருடைய மூன்றாவது சண்டை. ஒரு பக்கம் வைத்துவிட்டு மறுபக்கம் மறந்துபோகிறவர்களிடம், "குவார்ட்டர்ஸ் காலி பண்ணும்போது பீரோவ ஒத்த ஆளா தூக்கினியா? ரெண்டு பக்கமும் ஆளு புடிக்க வேணாமா?" என்று கேட்பார். இதை நன்றாகச் சொல்லியிருக்கிறார் என்று அந்தப் பிரிவிலேயே ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

ஏனென்றால் பிரிவு வேறொரு வழி கண்டுபிடித்திருந்தது. கமா தேவைப்படாத ஆங்கிலம். 'எனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டேன். காய்ச்சல் போனது. நான் வந்தேன்.' இப்படித்தான் அங்கே வருஷக்கணக்காக எல்லோரும் எழுதுகிறார்கள். மெமோவுக்குப் பதிலும் அப்படித்தான். 'நான் தூங்கவில்லை. கண் மூடியிருந்தது. லைட் அதிகம்.' மேலதிகாரிகள் அந்தப் பிரிவில் எல்லோரும் நேரடியாகப் பேசுகிறவர்கள் என்று பாராட்டியதாகக் கேள்வி.

ரிட்டயர்மென்ட் பாராட்டு மடலை மட்டும் இப்படி எழுத முடியாது. 'வேணு நல்லவர். அவர் போகிறார்' என்று ஃப்ரேம் போட முடியாது. அதனால் முதன்முதலில் வேணு என்கிற கிரேன் ஆபரேட்டர் ரிட்டயர் ஆனபோது மடல் எழுதும் வேலை தனகோட்டியிடம் வந்தது. அவர் மூன்று நாள் எடுத்துக்கொண்டு எழுதினார். நேரம் தவறாதவர், மென்மையாகப் பேசுகிறவர், கேட்பதற்கு முன்பே உதவுகிறவர், ஆகையால் அனைவர் மனத்திலும் நீங்கா இடம் பெற்றவர். இது சுருக்கம். ஆங்கிலத்தில் கமாக்களோடு பார்த்தால் தேர் அசைந்து வருவதுபோல் இருக்கும்.

அதற்கடுத்து ஒருவர் ரிட்டயர் ஆனார். தனகோட்டி கம்ப்யூட்டரைத் திறந்து வேணுவின் பெயர் இருந்த இடத்தில் அவர் பெயரைப் போட்டார். புதிதாக எழுதினால் புதிதாகக் கமா பார்க்க வேண்டும். அதற்கடுத்தவருக்கும் அப்படியே. அந்தப் பிரிவிலிருந்து வெளியே போன அத்தனை பேரும் மென்மையாகப் பேசுகிறவர்களாகவே போனார்கள்.

வேணு இப்போது வடக்குத்திலேயே, தனகோட்டி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிச் சொந்த வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். மடலைப் பார்க்க வேண்டும் என்றதும் ஃப்ரேமைத் துண்டால் துடைத்துவிட்டு நாற்காலி போட்டார்.

"இதுல இன்னா எழுதிகிதுன்னு எனக்கு முழுசா தெரியாதுங்க. மருமவன் ஒருக்கா படிச்சு சொன்னாரு. அப்பிடியே நானுங்க. என்னைப் பத்தி எவ்ளோ கரெக்டா எழுதிகிறாங்க பாருங்க."

இதே மடல் இன்னும் பலர் வீட்டில் இருக்கிறதே என்றதற்கு, வேணு கொஞ்சமும் அசையவில்லை.

"அதெப்படிங்க அவங்களுக்குப் பொருந்தும்?" என்றார்.

விழா அன்று நடந்ததை முழுவதும் பக்கத்திலிருந்து பார்த்தவர் சிங்காரவேல். அந்தப் பிரிவில் மைக்கும் மேடையும் அவர் பொறுப்பு. எல்லோருடைய மடலையும் வாசிக்கிறவர் அவர்தான். ஷிஃப்ட் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் கிடைத்தார்.

"தப்பு என்னுதுதாங்க. நல்லா படிச்சிட்டேன்."

நன்றாகப் படிப்பது எப்படித் தப்பாகும்?

"நான் இங்கிலீஷ் படிச்சா எந்த ஸ்டேஷன்லயும் நிக்கமாட்டேன். வுட்டா நேரா கடைசி வரிதான். எல்லா ரிட்டயர்மென்ட்டுக்கும் அப்பிடித்தான் படிச்சேன், ஒருத்தரும் ஒன்னும் சொல்லல. இவரு கமா பைத்தியம் ஆச்சே, கடைசி நாளாவது சந்தோசமா அனுப்புவோம்னு கமா வர்ற எடத்துல எல்லாம் நின்னு நின்னு படிச்சேன். முதல் கமாவுல தலைய ஆட்டிகினு இருந்தாரு. ரெண்டாவதுல ஆட்டறது நின்னுபோச்சு. மூணாவதுல திரும்பி என்னைப் பாத்தாரு பாருங்க, வூட்டுல திருட வந்தவனப் பாக்கற மாதிரி."

"அப்புறம்?"

"ஃப்ரேம கையில குடுத்தாங்க. வாங்கினாரு. மூக்குக்கண்ணாடிய மாட்டிகினு அங்கயே ஒரு தடவ படிச்சாரு. மேசை மேல வச்சிட்டு, பக்கத்துல நின்ன செல்வகுமார்கிட்ட 'கமாவ பாருப்பா'ன்னு சொல்லிட்டு எறங்கிட்டாரு. மேசை மேல மைக்கு ஆன்ல இருந்துச்சு. ஹால் பூரா கேட்டுபோச்சு."

"கண்ணாடி உடைந்ததா?"

"ஒடைஞ்சிருந்தா நான்தான் காசு குடுத்திருப்பேன். ஒடையல."

"கமா தப்பாக இருந்ததா?"

சிங்காரவேல் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "எனக்கு எப்பிடிங்க தெரியும்? சரியா இருந்தாலும் எனக்கு அது பூச்சி மாதிரிதான் இருக்கும், தப்பா இருந்தாலும் பூச்சி மாதிரிதான் இருக்கும்."

செல்வகுமார் என்பவர் தனகோட்டியின் நாற்காலிக்கு அடுத்து வந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. டவுன்ஷிப்பிலேயே பிறந்து வளர்ந்தவர். மடலை அச்சடித்தது அவர்தான். பிரிவில் மடல் தயாரிப்பது எப்படி என்று தனகோட்டியே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஃபைலைத் திற, பழைய பெயரை எடு, புதுப் பெயரைப் போடு, வேறு எதையும் தொடாதே. அவர் வேறு எதையும் தொடவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் தனகோட்டி வீட்டுக்குப் போனது. கதவைத் திறந்தவர் அம்சவல்லி.

"வாங்க. ஆணியப் பாக்க வந்தீங்களா?" என்றார். நிறையப் பேர் வந்துபோயிருக்கிறார்கள்.

தனகோட்டி உள்ளேயிருந்து வந்தார். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் சிவப்புப் பேனா. கமா தப்பாக இருந்ததா என்று கேட்டதற்கு வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"எல்லாம் சரியா இருந்துச்சுங்க. அதான் எனக்குப் புரிஞ்சுபோச்சு. எங்க செக்ஷன்ல எவனுக்குங்க கமா வெக்கத் தெரியும்? வரிசையா மூணு கமா கரெக்டா வந்து நிக்குதுன்னா அது எவன் எழுதினது? நான் எழுதினது. வேணுவுக்கு எழுதினது. எனக்கு நானே சால்வை போட்டுகினா மாதிரி ஆயிட்ச்சு. தப்பா ஒரே ஒரு கமா இருந்திருந்தா கூட, யாரோ எழுதினாங்கன்னு நெனைச்சிகினு வாங்கியாந்து மாட்டியிருப்பேன்."

"மெதுவா பேசுவாராம் இவரு. அப்பிடி எழுதியிருந்துச்சாம்" என்றார் அம்சவல்லி. "மேடையில எனக்கு அர்த்தம் தெரியல, கை தட்டிட்டேன். தெரிஞ்சிருந்தா நானே திருப்பிக் குடுத்திருப்பேன்."

"நீ சும்மா இரு."

"பாத்தீங்களா."

தனகோட்டி ஆணியைப் பார்த்தார். "எங்க வூட்டுல ஃபேனுக்கு அடியில குந்தி வேலை பாத்தவன் நான் ஒருத்தன்தாங்க. எங்க அண்ணன் பசங்க வந்து, 'சித்தப்பா, உனுக்கு இன்னா எழுதிக் குடுத்தாங்க'ன்னு கேக்குறானுவோ. நானே எழுதிகினேன்னா சொல்றது? நல்லாதான் எழுதணும்னு இல்ல. வேற ஒருத்தன் எழுதணும். இத்தினி வருசம் அங்க இருந்தேன். என்னைப் பத்தி ஒரு பக்கம் ஒருத்தனுக்குத் தோணாதா?"

பிறகு அவரே, "ஆனா 'டூ'வுக்குப் பக்கத்துல கமா வெக்கக் கூடாது" என்றார்.

பிரிவில் யாருக்கும் கெட்ட மனசு இல்லை. புது மடல் ஒரு வாரத்தில் எழுதித் தருகிறோம் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். எழுதுகிற வேலை செல்வகுமார் தலையில் விழுந்தது. அச்சடித்தவர் அவர் என்பதால்.

செல்வகுமார் முதல் மடலைச் சொன்னபடி ஒரு வாரத்திலேயே கொண்டுவந்தார். தனகோட்டி முதல் பாராவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இத எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"நீ எழுதினா 'ஹவெவர்'க்கு அப்புறம் கமா இருக்குமா?"

செல்வகுமார் தரையைப் பார்த்தார். "ஃபோன்ல போட்டேன் சார். அதுவே எழுதிக் குடுத்துடுச்சு."

"ஃபோனுக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்போ நான் நேரம் தவறாதவன்னு அதுக்கு யாரு சொன்னது?"

"யாருக்குக் கேட்டாலும் அப்படித்தான் சார் சொல்லுது."

"அந்த வேலையதான் நான் பண்ணிகினு இருந்தேனே" என்று தனகோட்டி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவதைச் செல்வகுமார் கையாலேயே எழுதினார். ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதியதாகச் சொல்கிறார். இந்தத் தடவை தனகோட்டிக்குச் சந்தோஷம். கமா பல இடங்களில் தப்பாக இருந்தது. மனிதன் எழுதியது என்று தெரிந்தது. ஒரே ஒரு வட்டம் மட்டும் போட்டுக் கொடுத்தார். செல்வகுமார் திருத்திக்கொண்டு வந்தார். அதைத் திருத்தியதில் பக்கத்து வாக்கியம் ஒத்துவரவில்லை, இன்னொரு வட்டம். பிறகு ஒரு வரியை முழுவதும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் கமா அழகாக உட்காருகிற மாதிரி ஒரு வரியைத் தனகோட்டியே எழுதிக் கொடுத்தார். பிறகு இன்னொரு வரி. காகிதம் வடக்குத்துக்கும் பிரிவுக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது. கடைசியாக வந்த பிரதியை அம்சவல்லியிடம் தமிழில் சொல்லிக் காட்டினார். நேரம் தவறாதவர், மென்மையாகப் பேசுகிறவர், கேட்பதற்கு முன்பே உதவுகிறவர்.

"இது அந்த வேணு வூட்டுது இல்ல?" என்றார் அம்சவல்லி.

தனகோட்டி இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மடலில் எழுதியிருந்தது அந்த இரண்டு நாளுக்கு மட்டும் பொருந்தியது.

மூன்றாம் நாள் அம்சவல்லி தாமே செல்வகுமாருக்கு ஃபோன் செய்தார். "தம்பி, நீ எழுது. இவருகிட்ட காட்டாத. நேரா வடலூருக்கு எடுத்தும்போய் ஃப்ரேம் போட்டு எடுத்தா."

"ஃப்ரேம் போட்டதுக்கு அப்புறம் சார் வட்டம் போட்டா என்னம்மா பண்றது?"

"கண்ணாடி மேலதான போடுவாரு. தொடச்சிக்கலாம்."

அன்றைக்கே வீட்டிலிருந்த பேனாக்களை எல்லாம் சேகரித்தார். சட்டைப் பையில் இருந்தது, மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் இருந்தது, கேஸ் புத்தகத்தோடு கட்டியிருந்தது எல்லாவற்றையும் எடுத்து முந்திரிக்கொட்டை மூட்டைக்குள் போட்டுக் கட்டிவிட்டார். முந்திரிக்கொட்டையைத் தனகோட்டி தொடமாட்டார். கொட்டையின் பால் பட்டால் கை புண்ணாகும் ஆள்.

செல்வகுமாருக்கு அப்போதும் பயம் போகவில்லை. வடலூரில் ஃப்ரேம் போடுகிற கடையில், கண்ணாடி இப்போது வேண்டாம், சார் பார்த்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி, வெறும் ஃப்ரேமாக வாங்கிவந்தார். கடைக்காரர் இந்தத் தொழிலில் இப்படிக் கேள்விப்பட்டதில்லை என்றார்.

இரண்டாவது ஷிஃப்டுக்குப் போகிற வழியில், மத்தியான வேளையில் கொண்டுவந்து கொடுத்தார். தனகோட்டி நின்றபடி படிக்க ஆரம்பித்தார். பிரிவின் ஆங்கிலம். ஒரு கமாகூட இல்லை. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

'இவர் பெயர் தனகோட்டி. இவர் மென்மையாகப் பேச மாட்டார். கேட்ட பிறகும் உடனே உதவ மாட்டார். என் லீவ் லெட்டரில் வட்டம் போடுவார். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். எனக்கு இவரைப் பிடிக்காது. ஒரு நாள் என் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் அவசர லீவ் எழுதினேன். இவர் அதிலும் வட்டம் போட்டார். நான் அழுதேன். இவர் தானே உட்கார்ந்து புதிதாக டைப் அடித்தார். ஒரு கமாவுக்காகத் திரும்பவும் அடித்தார். பஸ் போய்விட்டது. இவர் தன் ஸ்கூட்டரில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சாயந்திரம் வரை வெளியே பெஞ்சில் இருந்தார். பேசவில்லை. என் அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். இவர் போன பிறகு என் லெட்டரை யாரும் படிப்பதில்லை. அப்படியே கையெழுத்துப் போடுகிறார்கள். தேங்க் யூ சார்.'

தனகோட்டி உட்கார்ந்தார். இன்னொரு தடவை படித்தார். அவருடைய வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது.

"பஸ்ஸு போனது கமாவால இல்ல. அன்னிக்கு பஸ்ஸே சீக்கிரம் வந்துட்ச்சு" என்றார்.

"சரி சார்."

"மத்தது எல்லாம் இருக்கட்டும்."

"சரி சார்."

"நான் இதுல கை வெக்கமாட்டேன்."

அம்சவல்லி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தனகோட்டி விரலைக் கடைசி வரிக்குக் கொண்டுபோய், 'தேங்க் யூ'வுக்கும் 'சார்'க்கும் நடுவில் இருந்த இடைவெளியில் வைத்தார்.

"என்ன சார்?"

"பாரு."

செல்வகுமார் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கமா வரணுமா சார்?" என்றார்.

"யாரையாவது கூப்பிட்டு சொன்னா, கூப்பிடறதுக்கு முன்னாடி கமா. இல்லன்னா நன்றியும் நானும் ஒன்னா ஒட்டிகினு நிக்கிறோம். நீ போடு. நான் போட்டா, அப்பால இது என் கையி ஆயிடும்."

செல்வகுமார் சட்டைப் பையைத் தடவினார். ஃபோன் இருந்தது. பேனா பிரிவில் மேஜை மேல் இருந்தது. இரண்டு பேரும் அம்சவல்லியைப் பார்த்தார்கள்.

"வூட்டுல பேனா இல்ல" என்றார் அம்சவல்லி.

"எங்க போச்சு எல்லாம்?"

"இல்லன்னா இல்ல."

ஒரு பேனா வெளியே வந்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும் என்பது அவர் கணக்கு. தப்பென்று சொல்ல முடியாது. அதற்குள் ரோட்டில் ஷிஃப்ட் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை பேனாவோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செல்வகுமார் ஓடினார்.

ஆக, ஊரில் நடமாடும் பேச்சில் உண்மை எவ்வளவு என்றால், தனகோட்டி மடலைத் திருப்பிக் கொடுத்தது உண்மை. கமாவுக்காக என்பதும் உண்மை. தப்பாக இருந்தது என்பது மட்டும் பொய். இதைத் திருத்திச் சொன்னபோது காடாம்புலியூரில் பழையதே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பென்ஷன் மாதாமாதம் வருகிறது.

இந்த விவரங்களை எழுதப் போவதாகச் சொன்னதும் தனகோட்டி கேட்ட முதல் கேள்வி, ஆங்கிலத்திலா தமிழிலா என்பது. தமிழில் என்றதும், "அப்போ பரவால்ல. தமிழ்ல கமா அவங்கவங்க இஷ்டம்" என்று விட்டுவிட்டார்.

ஃப்ரேம் ஆணியில் ஏறிவிட்டது. கண்ணாடி இல்லாமல்தான் தொங்குகிறது. அம்சவல்லி தினமும் கோழி இறகால் தூசி தட்டுகிறார். துணி பட்டால் மை கலைந்துவிடும். வேணு வந்து பார்த்துவிட்டு, தன்னுடையதைவிடச் சின்னதாக இருக்கிறது, கமாவே இல்லை, விலை குறைவாக இருக்கும் என்றார். அண்ணன் பையன்கள் வந்தபோது தனகோட்டி அவர்களுக்கு முழுவதையும் தமிழில் சொன்னார். மென்மையாகப் பேச மாட்டார் என்ற வரியை இரண்டு தடவை சொன்னார். கடைசி வரிக்கு வந்ததும், இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று நிறுத்திக்கொண்டார். இதற்கிடையில் முந்திரிக்கொட்டை மூட்டையை விற்கிற நாள் வந்து, பேனாக்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. சிவப்புப் பேனா மறுபடி சட்டைப் பையில் இருக்கிறது. அந்த இடைவெளியை அவர் தொடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வகுமாருக்கு ஓவர்டைம். அதற்கடுத்த ஞாயிறு மச்சான் வீட்டுக் காதுகுத்து. கேட்டால், "ஒரு கமாதானே சார், வந்து போட்டுடறேன்" என்கிறார். வடலூரில் கடைக்காரர் அளவெடுத்துக் கண்ணாடியை வெட்டி, மேலே தனகோட்டி என்று எழுதிய சீட்டை ஒட்டி, சுவரோரமாகச் சாய்த்து வைத்திருக்கிறார்.